கேள்வியில் இல்லாததைச் சேர்க்காதே

லிங்கராஜபுரம்,
பெங்களூர்.
14.6.2003, சனிக்கிழமை

அன்பு மகன் அமலுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

மாதா கிருபையால் நானும் அப்பாவும் குளோரியாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் நேற்று போனில் நீ போட்ட சத்தத்தைக் கேட்டபோதே உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது, அதனால் அதைக் கேட்காமல் விடுகிறேன். மறுபடி போன் பண்ணிப் பேசாமல் அம்மா ஏன் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே விழுவாய், கார்டு தீரப்போகிறது என்பாய், டொக்கென்று வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே விழ முடியாது பார். நம் அலெக்சாண்டர் அண்ணனின் மருமகன் செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் இதையும் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயையும் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாயை முதலில் திறக்காதே, இதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் திற.

இங்கே மழை பிடித்துவிட்டது, தினமும் நாலு மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வருகிறது, கரண்ட்டும் கூடவே போகிறது. கொடியில் துணி காய மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டில் உட்கார்ந்த நாள் முதல் மனிதர் ரிப்பேர் ஆனதையும் ரிப்பேர் பண்ணுகிறார், ஆகாததையும் பண்ணுகிறார். மிக்ஸி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, இப்போது சட்னி அரைத்தால் தெருவே எழுந்து உட்காருகிறது. உன்னுடைய, குளோரியாவுடைய அறையில் மாட்டியிருக்கிற சுவர்க் கடிகாரம் ஒன்றுதான் அவர் கைக்கு அடங்கவில்லை. உன் கல்யாணத்துக்கு அவருடைய ஃபேக்டரி சிநேகிதர்கள் கொடுத்ததே, அதுதான். இவர் ஸ்டூல் போட்டு ஏறி நேரத்தைச் சரிபண்ணி மாட்டுவார், மறுநாள் பார்த்தால் அது பழையபடி பின்தங்கி நிற்கும். ஓசியில் வந்த கடிகாரம் அப்படித்தான் ஓடும் என்று நான் சொன்னேன், அதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நீ கூப்பிடுவாய், இங்கே அப்போது ஒன்றரை மணி நேரம் தள்ளிக் காப்பி வேளை, குளோரியா ஆபீஸில் சொல்லிவிட்டு அன்றைக்கு மட்டும் சீக்கிரம் வந்து போன் பக்கத்திலேயே ஒரு முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நேற்றும் உட்கார்ந்திருந்தாள். உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி வைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ அவளைக் கேட்கவில்லை, என்னைக் கூப்பிடச் சொன்னாய். 'மா, எவளோ வக்கீலுக்குப் படிக்கப் போறாளாமே, சிரில் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அவளுக்கு இங்க வர்ற ஐடியாவே இல்ல. ஆகஸ்ட்ல ஃபேமிலி விசா கைக்கு வருது. வர்றதா இருந்தா வரட்டும், இல்லன்னா அந்தக் காலேஜையே கட்டிக்கிட்டு அங்கயே இருக்கட்டும்.' இதுதான் நீ சொன்னது, நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம் வீட்டுப் போனில் உன் குரல் ரிசீவரை விட்டு வெளியே ஹால் முழுக்கக் கேட்கும் என்பது உனக்குத் தெரியாதா? அவள் என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நீ வைத்த பிறகு, 'ஃபீஸ் கட்ட வேணாம் அத்தை' என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

எவளோ என்றாயே, அந்த எவளோ உன்னிடம் சொல்லாமல் ஒன்றும் செய்யவில்லை. புது வருஷம் பிறந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, நான் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். 'என்னங்க, லா படிக்கலாம்னு இருக்கேன், மமதா மேடமும் படின்னு சொல்றாங்க' என்றாள். நீ என்ன சொன்னாய்? 'நீ லாயர் ஆயிட்டா நான் தினமும் கூண்டுலதான் நிக்கணும்' என்று சிரித்தாய், கூட இருந்தவர்களும் சிரித்தது இங்கே கேட்டது. அப்புறம் ஒரு நாள் 'புக் வாங்கியிருக்கேன்' என்றாள், 'சரி சரி, போனை அம்மாகிட்ட குடு' என்றாய். சொல்லுகிறபோதெல்லாம் சிரித்தால் எவள்தான் மறுபடி சொல்லுவாள்? மமதா மேடம் என்பது அவள் டைப் அடிக்கிற ஆபீஸின் வக்கீலம்மா, உனக்குத் தெரியும். நான் ஒரு தரம் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போனபோது அந்த அம்மா என்னை உட்கார வைத்து, 'நிம்ம சொசெ ஜாணெ அம்மா' என்றார், உங்கள் மருமகள் கெட்டிக்காரி என்று. ஒரு மனுவில் மேடமே கவனிக்காத ஒரு ஓட்டையை இவள் டைப் அடிக்கும்போது கண்டுபிடித்துக் கேட்டாளாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் இருக்கக் கூடாது, மருமகள் என்றால் குறை சொல்லத்தான் வேண்டுமா?

அந்தச் சட்டக் கல்லூரியில் சேர வேண்டும் என்றால் அவர்களே ஒரு பரீட்சை வைக்கிறார்கள். ஆங்கிலம், பொது அறிவு எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. லாஜிக்கல் ரீசனிங் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதுதான் அவளைப் படுத்தியது. தனியாகப் படித்தால் தலையில் ஏறவில்லை, வாய்விட்டுச் சொல்லி யாரோடாவது மல்லுக்கட்டினால்தான் ஏறுகிறது என்றாள். மல்லுக்கட்ட இந்த வீட்டில் என்னை விட்டால் யார்? சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும் சமையலறையில் நான் பீன்ஸ் நறுக்குவேன், அவள் அந்தக் கைடு புத்தகத்தை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லுவாள். முதல் கேள்வியே எனக்கு ஆகவில்லை. எல்லா மேஜைகளும் நாற்காலிகள், சில நாற்காலிகள் யானைகள், அப்படியானால் சில மேஜைகள் யானைகளா? நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். 'எந்தப் பைத்தியக்காரன்டி இதை எழுதினான், மேஜை எப்படி நாற்காலி ஆகும்?' என்றேன். 'அத்தை, அது நிஜமாங்கறது கேள்வி இல்ல. அவங்க சொன்னதை அப்படியே நம்பணும், அதுக்குள்ளயே நிக்கணும், சொல்லாததை நாமளா சேக்கக் கூடாது' என்றாள். கேள்வி கேட்காமல் நம்புவதற்கு எனக்குப் பங்குச் சாமியார் ஒருவர் போதும் என்றேன். ஆனாலும் விடவில்லை, கடைசியில் தரையில் பீன்ஸை வட்டம் வட்டமாக அடுக்கிக் காட்டினாள், மேஜையெல்லாம் நாற்காலி வட்டத்துக்குள்ளே ஒரு மூலையில் இருக்கிறது, யானை வட்டம் இன்னொரு மூலையில் வந்து இடிக்கிறது, மேஜையைத் தொட்டும் இருக்கலாம், தொடாமலும் இருக்கலாம், அதனால் முடிவு பொருந்தாது. அடடே என்றேன். அன்றைக்குப் பீன்ஸ் பொரியல் ராத்திரி ஒன்பதுக்குத்தான் ஆயிற்று. உன் அப்பா எந்தக் கேள்வியைக் கேட்டாலும் ஹாலில் இருந்தபடியே 'மேற்கண்ட எதுவும் இல்லை' என்று கத்துவார், ஒரே ஒரு தரம் அது சரியாக இருந்துவிட்டது, அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இந்த ஏ, பி, சி எல்லாம் மனதில் நிற்பதில்லை. ஏ-க்கு வலப்பக்கம் பி, பி-க்கு எதிரே இ என்றால் யாருக்கு முகம் தெரிகிறது? அதனால் ஒரு வழி பண்ணினேன். நம் தெருவில் வாராவாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற அன்பியத்து ஆட்களையே உட்கார வைத்துவிட்டேன். ஏ என்றால் அலெக்சாண்டர் அண்ணன், பி அடுத்த வீட்டு பிரிஜெட், சி அங்கே உன்னோடு இருக்கிற அவள் மகன் சிரில், இ யூனிஸ் டீச்சர், ஆங்கிலத்தில் அவர் பெயர் இ-யில்தான் தொடங்குகிறது. உடனே எல்லாம் விளங்கியது, ஆனால் வேறு தொல்லை வந்தது. வட்ட மேஜைக் கணக்கு ஒன்றில் பி-யும் இ-யும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் விடை வரும். நான் உட்கார வைக்க மாட்டேன் என்றேன். பிரிஜெட்டுக்கும் யூனிஸுக்கும் போன திருவிழாவில் தேர் ஜோடிக்கிற பூ விஷயத்தில் பேச்சு வார்த்தை இல்லை, எப்படிப் பக்கத்தில் உட்காருவார்கள்? குளோரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். 'அத்தை, பூ கேள்வியில இல்ல' என்றாள். இப்படியே பத்துக் கேள்வியில் எட்டு எனக்குத் தப்பாகப் போனது, எல்லாம் நான் கொண்டு வந்து சேர்த்த சங்கதியால்தான். அவளுக்கு மட்டும் அது உதவியாக இருந்ததாம், 'நீங்க எங்க தப்புப் பண்றீங்கன்னு பாத்தா பரீட்சைல அவன் எங்க குழி தோண்டி வெப்பான்னு தெரியுது' என்றாள். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தவக்காலத்தில் ஒரு நாள் ஒரு கேள்வி வந்தது. ஒரு கேக் காணாமல் போகிறது. நான் எடுக்கவில்லை என்கிறார் பி. ஏ-தான் எடுத்தார் என்கிறார் சி. சி சொல்வது பொய் என்கிறார் ஏ. மூன்று பேரில் ஒருவர் மட்டும்தான் உண்மை சொல்கிறார், கேக்கை எடுத்தது யார்? குளோரியா என்னையே யோசிக்கச் சொன்னாள். யோசித்தேன். ஏ-யும் சி-யும் ஒருவரை ஒருவர் மறுக்கிறார்கள், அதில் ஏதோ ஒன்று உண்மையாகத்தான் இருக்க வேண்டும், அப்போது அந்த ஒரே ஒரு உண்மை அங்கேயே தீர்ந்து போய்விட்டது, மிச்சம் நிற்கிற பி-யின் வாயில் பொய்தான் இருக்க முடியும். முதல் தரமாக யார் உதவியும் இல்லாமல் எனக்கே விடை வந்துவிட்டது அமல், அந்தச் சந்தோஷத்தில் எழுந்து நின்று, 'பொய் சொல்றது பிரிஜெட்தான்டி! கேக்கை எடுத்தவ பிரிஜெட்தான்!' என்று கத்தினேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, எங்கள் இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த பிரிஜெட் நின்றிருந்தாள். தட்டை ஜன்னல் திட்டில் வைத்தாள், திரும்பிப் போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன், கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் அன்பியக் கூட்டம் யூனிஸ் டீச்சர் வீட்டில். மன்றாட்டு சொல்லுகிற நேரம் வந்தது, அவரவர் மனதில் இருப்பதைச் சொல்லலாம் அல்லவா, பிரிஜெட் கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தாள். 'அடுத்த வீட்டுக்காரி மேல திருட்டுப் பழி போடுறவங்க இந்தத் தவக்காலத்துலயாவது மனந்திரும்பணும்னு ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.' எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டும். 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று நானும் சொன்னேன், வேறு என்ன செய்ய? உன் அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது போல் வெளியே போய்விட்டார். அந்த வாரம் மட்டுமல்ல, அதற்கடுத்த வாரமும் அதே மன்றாட்டு. கடைசியில் குளோரியாதான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். பக்கத்தைத் திறந்து காட்டி, இது பி, இது நீங்கள் இல்லை, அத்தைக்கு எழுத்து மனதில் நிற்காது என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள். பிரிஜெட் அந்தக் கேள்வியை அவள் வாயால் நாலு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'சரிதான், அந்தக் கணக்குப்படி எடுத்தது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கேக்கைச் செஞ்சது யாரு, அதை முதல்ல சொல்லு' என்றாளாம். அன்றிலிருந்து எங்கள் பீன்ஸ் நறுக்குகிற கச்சேரியில் அவளும் ஒரு ஆள். சி என்று வருகிற இடத்தில் எல்லாம் தன் மகனை உண்மை பேசுகிறவனாக ஆக்கச் சொல்லுவாள், விடை எக்கேடு கெட்டால் அவளுக்கு என்ன.

பரீட்சை போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெயநகர் பக்கம் ஒரு காலேஜில். அதற்காகச் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய் வந்துவிட்டோம். காலையில் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பேச்சு. அப்பா ஸ்கூட்டரைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயும் வெளியேயும் நடக்கிறார், எட்டு அடித்து அரை மணியும் ஆகிவிட்டது, இவள் அறையை விட்டு வரவில்லை. படிக்கிறாள் போல, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்த நான் பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன். தலையில் ஈரத் துண்டோடு வந்து, 'இன்னும் நேரம் இருக்கே அத்தை, மணி ஏழுதானே' என்றாள். சொன்னவள் சுவரைத் திரும்பிப் பார்த்து, 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஓட்டைக் கடிகாரத்தை நம்பினாயா என்று நான் கத்த, அப்பா ஸ்கூட்டரை உதைக்க, ஈரத் தலையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள், இட்லி பொட்டலத்தைக் கையில் திணித்தேன், அது அப்படியே திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் சாலை காலியாக இருந்தது, இல்லாவிட்டால் கதை வேறு. இவர்கள் போனபோது வாட்ச்மேன் பாதி கேட்டைச் சாத்திவிட்டானாம், அப்பா கும்பிடு போட்டிருக்கிறார், 'பேக ஹோகம்மா, பேக', சீக்கிரம் போம்மா என்று உள்ளே விரட்டிவிட்டிருக்கிறான். திரும்பி வந்த மனிதர் முகம் வெளுத்துப்போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். 'நான் அந்தக் கடிகாரத்தை ஒழுங்காப் பாத்திருந்தா இந்தக் கூத்து இல்ல' என்று அன்றைக்குப் பூராவும் புலம்பிக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை முடிவு வந்தது. குளோரியாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, முதல் அறிவிப்பிலேயே. காலை வகுப்பு, முடித்துவிட்டு மேடம் ஆபீஸுக்கும் போகலாம். உடனே போன் பண்ணிச் சொல்லேன்டி என்றேன், 'வேலை நேரத்துல கூப்பிட்டா பயந்துடுவாரு, வெள்ளிக்கிழமை அவரே கூப்பிடட்டும், நானே என் வாயால சொல்றேன்' என்றாள். இரண்டு நாள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பிரிஜெட்டுக்கு அந்தப் பொறுமை ஏது? தான் உதவி செய்த பரீட்சை அல்லவா, வியாழக்கிழமையே சிரிலுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள், அவன் உன் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன், வாயை மூடுவானா? நடந்தது இவ்வளவுதான். பிரிஜெட்டும் நேற்று விஷயம் கேள்விப்பட்டு வந்து, கேக்கை எடுத்த கைக்கு இந்தத் தண்டனை வேண்டியதுதான் என்று தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள்.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். நேற்று ராத்திரி அதை அந்தப் புத்தகத்தில் வருகிற மாதிரி வைத்துப் பார்த்தேன். குளோரியா பரீட்சை எழுதினாள், இது உண்மை. குளோரியாவுக்கு இடம் கிடைத்தது, இதுவும் உண்மை. அதனால் குளோரியாவுக்கு அமலிடம் போக விருப்பமில்லை, இது நீ கட்டிய முடிவு. பொருந்துமா? பொருந்தாது. நடுவில் நீயாக ஒன்றைக் கொண்டு வந்து சேர்த்திருக்கிறாய், ஒரு பெண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஆசைதான் இருக்க முடியும் என்று. அது கேள்வியில் எங்கேயும் இல்லை. பூவையும் தேரையும் சேர்த்துவிட்டு விடை வரவில்லை என்று முழித்த என் புத்திதான் உனக்கும் வந்திருக்கிறது, வேறு யார் புத்தி வரும்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் மாமியார்தான், மாதா இல்லை. எனக்கும் ஆசை இருக்கிறது. அவள் உன்னிடம் வந்து சேர வேண்டும், நீ கேண்டீன் ரொட்டியைத் தின்றுகொண்டு கிடப்பது நிற்க வேண்டும், எனக்கு மடியில் ஒரு பேரப்பிள்ளை வேண்டும், ஜெபமாலை சொல்லும்போது மனது அங்கேதான் போகிறது. ஆனால் ஆசை வேறு, கணக்கு வேறு. உன் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம், அவள் படிப்பு மூன்று வருஷம், கோடை லீவில் அவள் அங்கே வரலாம், கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே வரலாம், இல்லை உங்கள் இருவருக்கும் வேறு ஏதாவது தோன்றலாம். அதை நீங்கள் இருவரும் பேசி முடிவு பண்ணுங்கள், நான் நடுவில் வரமாட்டேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் பயம். நீ வேண்டாம் என்று சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள். சண்டை போட மாட்டாள், புத்தகத்தை மமதா மேடத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள், உனக்கு நன்றாகச் சமைத்தும் போடுவாள். அப்படி வருகிறவள் பரீட்சை எழுதின அந்தக் குளோரியா இல்லை, அதை மட்டும் தெரிந்துகொண்டு சொல்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன். நேற்று நீ போனை வைத்த பிறகு நடந்தது இது. உன் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காதே, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உங்கள் அறைக்குப் போனார், கடிகாரம் அடியோடு நின்றுபோயிருந்தது. இந்தச் சனியனை இன்றைக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று கழற்றப் போனார். அரிசி களைந்த ஈரக் கையோடு குளோரியா ஓடி வந்தாள். 'மாமா, அதை எடுக்காதீங்க. அது ரிப்பேர் இல்ல மாமா. நான்தான் அப்படி வெச்சிருக்கேன்' என்றாள். என்ன வைத்திருக்கிறாய் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள், காது வரைக்கும் சிவந்துபோனாள். அப்புறம் மெதுவாக, 'அவருக்கு இப்ப என்ன மணின்னு பாக்கறதுக்கு' என்றாள். மாமா திருத்தித் திருத்தி வைப்பார், இவள் திருப்பித் திருப்பி ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எழுந்தானா, குளித்தானா, வெயிலில் நிற்கிறானா, சாப்பிட உட்கார்ந்தானா என்று பார்க்கிறதற்கு. பரீட்சை அன்றைக்கு அந்தப் படபடப்பில் இதுதான் நம் நேரம் என்று நினைத்துவிட்டாள். ஒரு வருஷமாக அந்த அறைக்குள் உன் நேரத்தில்தான் எழுந்து உன் நேரத்தில்தான் படுத்திருக்கிறாள், அதனால் வாழ்க்கையில் ஒரே ஒரு பரீட்சைக்குப் போக முடியாமல் போயிருக்கும். உன் அப்பா ஸ்டூல் மேல் நின்றபடியே கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்தார். அப்புறம் சட்டைப் பையில் இருந்து புது பேட்டரியை எடுத்துப் போட்டார். 'இப்ப அவனுக்கு மணி என்னம்மா?' என்று கேட்டார். யோசிக்காமல் சொன்னாள். அந்த மணியையே வைத்து, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, நேராக மாட்டிவிட்டு இறங்கினார்.

அவளுக்கு உன்னிடம் வர விருப்பமில்லை என்று சொன்னாயே, இதையும் சேர்த்து வைத்துக்கொண்டு இப்போது முடிவைச் சொல்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. தண்ணீர் குடி. ஞாயிறு பூசைக்கு வழி இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமையாவது கோயிலுக்குப் போ. சிரிலிடம் அவன் அம்மாவுக்குப் போன் பண்ணச் சொல், பாவம், உன்னைவிட அவள்தான் அதிகமாக வருத்தப்படுகிறாள். ஆரோக்கிய மாதா உன்னையும் உன் கைவேலையையும் காக்கட்டும், போகிற இடமெல்லாம் துணை வரட்டும், உங்கள் இரண்டு பேரையும் எந்தப் பொல்லாப்பும் அண்டாமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்பாவும் தன் ஆசீரை எழுதச் சொன்னார்.

ஃபீஸ் கட்டக் கடைசி நாள் இருபத்தைந்தாம் தேதி, அதற்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் இருக்கிறது என்பதை மறக்காதே. அன்றைக்கு நான் போனை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
செலின் சில்வெஸ்டர்